ஒரு பாட்டு முழுசாக

மைக் செட்காரர்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டு வந்த பிள்ளைகள், "அக்கா, ஒங்க தொழில் அனுபவத்த எழுதுங்க, புதுசா வர்ற பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் எந்த வயரை எதில் செருக வேண்டும் என்று என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்சரையே நீங்கள் செல்போனில் ஓட்டுகிறீர்கள். நான் குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் ஏற்றிக் கட்டிய காலத்து ஆள். என் வித்தையை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு காதுகுத்துக்குக்கூட மைக் கட்ட முடியாது. அதனால் வயர் விஷயத்தை விட்டுவிட்டுக் காது விஷயத்தைச் சொல்கிறேன்.

என்னைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. விருத்தாசலத்தில் எங்கள் அப்பா வைத்திருந்த மைக் செட் கடையை அவருக்குப் பிறகு நான்தான் நடத்தினேன். பெயர் செல்வி. மைக்செட் செல்வி என்று கேட்டால்தான் ஊரில் வழி சொல்வார்கள். ஆரம்பத்தில், பொம்பளை மைக் கட்டுகிறாளாமே என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பாட்டுக் கேட்க வந்த கூட்டத்தைவிடப் பெரிது. போகப் போக அவர்களுக்கே அலுத்துவிட்டது, என்னை என் வேலையைப் பார்க்க விட்டார்கள். கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, மெல்லிசைக் கச்சேரி என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் நான் மைக் வைக்காத மேடை குறைவு. இப்போது கடை ஜான்சனுடையது. என்னிடம் வேலை பார்த்தவன். முட்டி மடங்க மாட்டேன் என்றதும் செட்டு முழுவதையும் அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டேன்.

இத்தனை கச்சேரிக்கு மைக் வைத்தவள் மிக்சரில் உட்கார்ந்து ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை என்று சொன்னால் புதியவர்கள் சிரிப்பீர்கள். நாலு திருவிழா பார்த்தவன் சிரிக்க மாட்டான். பந்தி பரிமாறுகிறவனுக்குச் சாம்பார் வாளியின் கனம் தெரியும், ருசி தெரியாது. நம் பிழைப்பு அப்படி. ஆனால் என் விஷயத்தில் அது பிழைப்பினால் மட்டும் வந்ததில்லை. ஒருவர் சொல்லி வந்தது.

எனக்குத் தொழில் பழக்கியவர் அப்பாவுக்குச் சிநேகிதரான ஓர் ஆபரேட்டர். பெயரைச் சொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கிறார், பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார். அவர் பாட்டுப் பைத்தியம். நல்ல குரல் ஒன்று மேடையேறிவிட்டால் மிக்சரில் கையை வைத்தபடியே கண்ணை மூடிக்கொள்வார். "ரசிக்கத் தெரியாதவன் மைக்கத் தொடக் கூடாது செல்வி. எங்க ஏத்தணும் எங்க எறக்கணும்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்பார். அவரைப் பார்த்து நானும் பக்கத்தில் நின்றபடி கண்ணை மூடிக்கொள்வேன். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்த பாட்டு வருகிறவரைக்கும் பொறுமை இருக்காது எனக்கு.

ஒரு தடவை பெண்ணாடத்தில் கோயில் கச்சேரி. கரும்பு வெட்டு நடக்கிற பருவம். இப்போது போல டிராக்டர் இல்லை, ஆலைக்குப் போகிற மாட்டு வண்டிகள் ரோட்டோரத்தில் வரிசை கட்டி நின்றன. அன்றைக்குப் பாடிய அம்மாவுக்கு என்ன குரல் என்கிறீர்கள். பாட்டு எடுத்த உடனே கூட்டம் அடங்கிவிட்டது. எங்கள் ஆபரேட்டர் வழக்கம் போலக் கண்ணை மூடினார். பாடிய அம்மா உற்சாகத்தில் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து நடந்து ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டார்கள். மைக் கூவியது. மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து, திரும்ப அதே மைக்குக்குள் நுழைந்து, சுற்றிச் சுற்றிப் பெருத்து ஊளையாக வந்து காதைக் கிழிக்குமே, அதுதான். அவர் கண்ணைத் திறந்து சத்தத்தை இறக்குவதற்குள் மாடுகள் மிரண்டுவிட்டன. ஒரு வண்டி கூட்டத்துக்குள் புகுந்து கரும்போடு சாய்ந்தது. சுண்டல் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கால் அடியில் மாட்டிக்கொண்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு நடை பழையபடி வரவேயில்லை.

பஸ்ஸில் அவரோடு திரும்பினேன். விருத்தாசலத்தில் இறங்கி டீ சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே சொன்னார். "இனிமே பாட்டு ஒங் காதுக்குள்ள போவக் கூடாது. வாசல்லயே நிறுத்திடு. மைக் கூவுச்சின்னா என்ன ஏதுன்னு யோசிக்காத. மொதல்ல எறக்கு. காரணத்த அப்புறம் தேடிக்கலாம்."

அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டதை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள், அவர் அப்படி ஆகிவிட்டார். நானும்தான். முதலில் இறக்கு என்பதை நான் மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டேன். அது என்னைக் கைவிட்டதில்லை. மாசி மகத்துக் கூட்டத்தில் ஊசி குத்த இடமில்லாத நேரத்தில் மைக் கூவ ஆரம்பித்த உடனேயே என் கை என்னைக் கேட்காமல் இறக்கியிருக்கிறது. எந்த மாடும் மிரளவில்லை, எந்தப் பிள்ளையும் அலறவில்லை. பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர்கள் எல்லாம், செல்வி வச்ச மைக் கூவாது என்று தேடி வந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் வாசலில் நிறுத்தி நிறுத்திப் பழகிய பிறகு பாட்டு உள்ளே வருவதை மறந்தே போனது. ஊரே கண் கலங்கிக் கேட்ட பாட்டுக்கு நான் இடது பக்கத்து ஸ்பீக்கர் பாக்ஸ் ஏன் கரகரக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகாவது காது திருந்தும் என்று நினைத்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். இங்கே பக்கத்து மங்களூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கச்சேரி வைத்திருந்தார்கள். ரெண்டாவது பாட்டிலேயே பாடகன் மைக்கை விழுங்குகிறான், தபேலா கேட்கவில்லை, பின்னால் உம்மென்று ஓர் இரைச்சல் என்று கணக்கு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். தலைவலி என்று சொல்லி எழுந்து வந்தேன். அதோடு கச்சேரி பக்கம் போவதை விட்டேன். கேட்டவர்களிடம் எல்லாம் கச்சேரி எனக்கு அலுத்துப்போச்சு என்று சொன்னேன். அலுப்பு என்று சொல்லிக்கொண்டது ஒரு கௌரவத்துக்கு. உள்ளே இருந்தது ஏக்கம். பக்கத்து வீட்டு டிவியில் ஒரு பாட்டு ஓடும், அந்த வீட்டுப் பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கூடப் பாடுவாள். பாட்டு என்றால் அவளுக்கு அவ்வளவு சுலபம். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். செராமிக் கம்பெனியில் சூளை பார்த்தவர். மின்கம்பத்தில் வைக்கிற பீங்கான், டீ கப், பொம்மை என்று அவர் கையில் வெந்து வந்த சாமான் எத்தனையோ. கச்சேரி என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். எங்கள் ஊரில் செராமிக் கம்பெனிகள் எல்லாம் ஒரே எஸ்டேட்டில் இருப்பதால் ஆயுத பூஜைக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி வைப்பார்கள். வருஷா வருஷம் மைக் என்னுடையது. அவர் கூட்டத்தில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். நான் எங்கே போவது. மிக்சரை விட்டு எழுந்தால்தானே. பாதி நிகழ்ச்சியில் யாராவது வந்து, "இங்க ஆளு வராங்களா?" என்று கேட்பார்கள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இடத்தைக் கொடுத்துவிடுவார். இதை மிக்சர் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஒன்று சேர்ந்து, மெல்லிசை வேண்டாம், சென்னையிலிருந்து ராக் பேண்ட் கூட்டிவருகிறோம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அதில் கிட்டார் வாசிக்கிற மேகலா, எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி முதலாளியின் மகள். சவுண்டும் சென்னையிலிருந்தே வரட்டும் என்றுதான் முதலில் பேச்சு. ஜான்சன் நடையாய் நடந்து, ஊர்க்காரன் செய்கிறேன் என்று வாங்கியிருந்தான். அவன் எடுத்ததிலேயே பெரிய ஆர்டர் அது. இதில் பெயர் எடுத்தால் கடலூர் வரைக்கும் போகலாம், சொதப்பினால் ஊருக்குள்ளேயே சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் காலையிலேயே ஆரம்பித்தார். "எஸ்டேட்டுல ப்ரோக்ராம் இருக்குது. வரியா?"

"ராக்காம். எனக்கு எதுக்குங்க அதெல்லாம். தல வலிக்கும்."

"ஒனக்கு என்ன வேல அங்க? மைக் ஜான்சன் கட்டறான். நீ சும்மா வந்து பக்கத்துல ஒக்காரு."

"நான் வந்தா கொற சொல்லிக்கிட்டே இருப்பேன். ஒங்களுக்கும் கேக்க வுடாம பண்ணிடுவேன்."

"சொல்லிக்க. ஒரு பாட்டு கேட்டுட்டு வூட்டுக்கு வந்துடலாம். ஒண்ணே ஒண்ணு செல்வி."

கல்யாணமான நாளாக அவர் என்னிடம் கேட்டது ரொம்பக் கொஞ்சம். காபியில் சர்க்கரை குறைந்தால்கூடக் கேட்க மாட்டார். எனக்கும் வேண்டியிருந்தது அந்த ஒரு பாட்டுதான். ஒரே ஒரு பாட்டு, ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும், மற்ற ஜனங்கள் கேட்பது மாதிரி. சரி என்று புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த நேரம். சூளைகள் எல்லாம் ஆறிப்போய், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றன. தரையெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்கள். மேடைக்கு எதிரே கூட்டத்தின் நடுவில் ஜான்சன் மிக்சரை வைத்திருந்தான். என் கால் என்னைக் கேட்காமலே அங்கே போய், மிக்சரை ஒட்டி இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

"முன்னாடி எடம் இருக்குது, போலாம் வா" என்றார் அவர்.

"இங்கதாங்க சத்தம் சரியா வரும்."

அவர் மிக்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்து பொரியைப் பிரித்தார்.

நாலு பேர் மேடைக்கு வந்தார்கள். பாடுகிற பையன், ட்ரம்ஸ் வாசிக்கிற பெண், பேஸ் கிட்டாருக்கு ஒரு பையன், மேகலா. சின்னப் பிள்ளைகளாக இருந்தார்கள். என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று பார்த்தேன். ட்ரம்ஸ் பெண் அடித்த முதல் அடியில் ஷெட்டுக்குள் அடுக்கியிருந்த கப்புகள் எல்லாம் கலகலவென்று ஆடின. எங்கள் வீட்டுக்காரர் பாதி எழுந்துவிட்டார். "சுடாத கப்பு ரேக்குல இருக்குது, கீறல் வுட்டுடும்" என்று பதறினார். சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பயமில்லை என்று கையைக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

முதல் பாட்டில் எனக்கு வழக்கமான வேலை. அடி இரைச்சல் அதிகம். பாடுகிறவன் சொல்வதில் பாதி புரியவில்லை. ஜான்சன் பக்கம் சாய்ந்து, "அடியில ரொம்ப எரையுது, கொற" என்றேன். "அவங்களுக்கு அப்பிடித்தான் வேணும்க்கா" என்றான், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது. ஆபரேட்டர் என்றால் பழைய முதலாளியம்மா சொன்னாலும் மேடைக்காரன் சொன்னதைத்தான் கேட்க வேண்டும்.

ரெண்டாவது பாட்டில் பாடுகிற பையன் மேடையிலிருந்து குதித்தே விட்டான். களிமண் பிசைகிற பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்குள் ஓடி, அவர்கள் முகத்துக்கு நேராகப் பாடினான். அவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் திரும்பி ஓடி, ஒரே தாவில் மேடையேறினான். ட்ரம்ஸ் பெண்ணுக்குத் தலைமுடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது, அவள் அதை ஒதுக்கக்கூட இல்லை. நாலு பேருக்கும் உடம்பெல்லாம் வேர்வை. நம் மெல்லிசைக் குழுவில் பாட்டைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பிள்ளைகள் பத்திரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. இன்றைக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட வேண்டும் என்பது போல வாசித்தார்கள். பாட்டு முடிந்தபோது என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இடது பாக்ஸ் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"போலாமா? ஒரு பாட்டுன்னுதான பேச்சு" என்று அவர் வேண்டுமென்றே கேட்டார்.

"ஒக்காருங்க சும்மா."

மேகலா மைக்குக்கு வந்தாள். "இது நம்ம ஊரு பாட்டு. சின்ன வயசுல ஜங்ஷன்ல போய் நின்னு, நிக்காம போற எக்ஸ்பிரஸ்ஸுங்களயே பாத்துக்கிட்டு இருப்பேன். அதப் பத்தி நாங்களே எழுதினது" என்றாள்.

மெதுவாக ஆரம்பித்தார்கள். கிட்டார் மட்டும். பிறகு அந்தப் பையன், பாடுகிறானா பேசுகிறானா என்று தெரியாத ஒரு குரலில். நின்று ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைவிட நிற்காமல் போகிற வண்டிதான் எங்கேயோ போகிற மாதிரி இருக்கும் என்று ஒரு அடி வந்தது. எங்கள் ஊரில் பிறந்த எல்லாருக்கும் அது தெரியும். பேஸ் சேர்ந்துகொண்டது, பிறகு ட்ரம்ஸ், தூரத்தில் தண்டவாளம் அதிர ஆரம்பிப்பது போல. வண்டி கிட்டே வருகிறது, கிட்டே வருகிறது. வாசலில் நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. பாட்டு நேரே உள்ளே வந்துவிட்டது. எவ்வளவு காலமாயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது கூவியது.

அதற்கப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதைவிட என் கை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். எழுந்ததும் தெரியாது, பொரி கொட்டியதும் தெரியாது. ஜான்சன் "அக்கா, வேணாம்" என்று கத்தியது பிறகுதான் காதில் ஏறியது. அதற்குள் அவன் கையைத் தள்ளிவிட்டு, மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற மாஸ்டரை அடிவரைக்கும் இறக்கியிருந்தேன். பெரிய பாக்ஸ் எல்லாம் செத்துப்போனது. ட்ரம்ஸ் பக்கத்துத் தெருவில் யாரோ அடிப்பது போலச் சின்னதாகக் கேட்டது.

கூவல் மட்டும் நிற்கவில்லை.

நிமிர்ந்து மேடையைப் பார்க்கிறேன். மேகலா கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மாஸ்டருக்குக் கட்டுப்படாமல் கிட்டாருக்கென்றே மேடையில் இருந்த தன்னுடைய சின்னப் பாக்ஸுக்கு முன்னால் குனிந்து, கிட்டாரை அதன் முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். ஒரு அங்குலம் தள்ளிப் பிடிக்கிறாள், கூவல் உயர்கிறது. கொஞ்சம் சாய்க்கிறாள், தாழ்கிறது. அவள் கூவ வைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் நிற்காமல் போகிற வண்டியின் ஹார்ன். எதை வரவிடாமல் தடுத்து நான் பெயர் வாங்கினேனோ அதை அந்தப் பெண் வேண்டும் என்று கூப்பிட்டு, கையில் பிடித்துப் பழக்கியிருந்தாள்.

பெரிய சத்தம் போனதை உணர்ந்து அவள் திரும்பினாள். நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினார்கள். கூட்டம் முழுவதும் மிக்சர் பக்கம் தலையைத் திருப்பியது. பின்னால் ஒருவன் விசிலடித்தான். "இதுக்குத்தான் சென்னைக்காரனக் கூப்பிடலாம்னு சொன்னேன்" என்று முன்வரிசையில் ஒரு முதலாளி சொன்னது எனக்கே கேட்டது என்றால் ஜான்சனுக்குக் கேட்காமல் இருக்குமா.

"அண்ணா, என்ன ஆச்சு?" என்று மேகலா மேடையிலிருந்து கேட்டாள்.

ஜான்சன் தன் பக்கத்து மைக்கை எடுத்தான். "சாரிங்க. என் கை பட்டுடுச்சி."

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவன் நினைத்துவிட்டான். புதியவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த ஒரு வார்த்தையோடு அவனுடைய கடலூர் போயிருக்கும். நம் தொழிலில் கரண்ட் போனால்கூட ஆபரேட்டரைத்தான் திட்டுவார்கள், அதை வாங்கிக்கொள்ளலாம். செய்யாத தப்பை மரியாதைக்காக வாங்கிக்கொள்ளக் கூடாது, வாங்கிக்கொள்ள விடவும் கூடாது. நான் அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"அவன் கை இல்லம்மா. என் கை. அவன் வேணாம்னுதான் சொன்னான்."

"ஏன் ஆன்ட்டி?" என்றாள் மேகலா. கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"கூவுச்சி. எறக்கிட்டேன்."

என்னைத் தெரிந்த ஜனம்தானே எல்லாம். சிரிப்பு கிளம்பி ஷெட்டு வரைக்கும் போனது. செல்வி மைக் கூவாது என்று யாரோ கத்தினார்கள். மேகலா சிரிக்கவில்லை. மேடை ஓரத்துக்கு வந்து, வீட்டில் பேசுவது போலச் சொன்னாள். "அது கூவணும் ஆன்ட்டி. அது கூவறதுக்காகத்தான் அந்தப் பாட்டே."

மைக் என் கையில் இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பேச மைக் வைத்திருக்கிறேன், ஹலோ சொல்லிச் சோதித்துப் பார்த்ததைத் தவிர நான் அதில் பேசியதில்லை. இத்தனை பேர் முன்னால் உள்ளதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதும்மா. இத்தன வருசமா நான் ஒரு பாட்டுகூட முழுசா கேட்டதில்ல. மறுபடியும் மொதல்லேர்ந்து அடிங்க. இந்தத் தடவ கேக்கறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. மேகலா திரும்பி ட்ரம்ஸ் பெண்ணைப் பார்த்தாள், அவள் தலையாட்டினாள். நான் ஜான்சனிடம் மைக்கைக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் மாஸ்டரைப் பழைய இடத்துக்கு ஏற்றினான், இரைச்சல் உட்பட எல்லாவற்றோடும். அவனுக்கு இப்போது கடலூரிலிருந்தும் அழைப்பு வருகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "வா" என்றார். என்னை மிக்சர் பக்கத்திலிருந்து கிளப்பி, வரிசை வரிசையாகக் காலை ஒதுக்கச் சொல்லி, முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். மிக்சர் கண்ணுக்கே தெரியாத இடம்.

இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் இறக்கு என்று அந்த ஆபரேட்டர் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பெண்ணாடத்து அம்மாவின் காலைப் பார்த்தவர் சொன்னது அது. மிக்சரில் உட்கார்ந்திருக்கும்போது இறக்குங்கள், யோசிக்காதீர்கள். ஆனால் மிக்சரில் இல்லாத நாள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் மைக் வைத்த இடத்தில், தூரத்து நாற்காலி ஒன்றில், உங்கள் வீட்டு மனிதர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். வயசாகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கையின் பழக்கம் முற்றிவிடும். நான் அதைத்தான் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள்.

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. கிட்டார், அந்தப் பையனின் குரல், பேஸ், ட்ரம்ஸ். இந்தத் தடவை எனக்குக் கூவல் வரப்போவது தெரியும். காலமெல்லாம் வந்துவிடுமோ என்று பயந்த சத்தத்தை, எப்போது வரும் எப்போது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மேகலா முதுகைக் காட்டித் திரும்பினாள். பாக்ஸுக்கு முன்னால் குனிந்தாள். வந்தது. முதலில் மெல்லியதாக, பிறகு எஸ்டேட் முழுவதும் நிரம்பி, பீங்கான் எல்லாம் அதிர, நெஞ்சுக்குள் புகுந்து. நான் அழுதேன். மறைக்கவில்லை.

அது வந்த நொடியில் எங்கள் வீட்டுக்காரர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். திரும்ப மிக்சருக்கு ஓடிவிடுவேன் என்று பயந்துவிட்டார் பாவம். சூளைக் கதவைப் பிடித்துப் பழகிய கை, இறுக்கமாகப் பிடித்திருந்தது. கூவல் அடங்கி, ட்ரம்ஸ் அடங்கி, வண்டி தூரமாய்ப் போய் பாட்டு முடிகிற வரைக்கும் விடவில்லை.

நான் ஓட மாட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடுவார்.